விளம்பர வாசகமும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதிதான்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஓர் இஸ்லாமிய வங்கியின் சந்தைப்படுத்தல் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வாகன முறாபஹாவுக்கு (விலையையும் லாபத்தையும் சொல்லித் தவணைக்கு விற்கும் முறைக்கு) எங்கள் பிரிவு தயாரித்திருக்கும் புதிய விளம்பரத்தில் "வட்டியில்லாக் கடன், ஆண்டுக்கு 6 சதவீதம் மட்டுமே" என்ற வாசகமும், லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் முளாரபா முதலீட்டுக் கணக்குக்கான விளம்பரத்தில் "உறுதியான ஹலால் வருமானம்" என்ற வாசகமும் இடம்பெறுகின்றன. வட்டியின் பாவத்தை எச்சரிக்கும் வாசகங்களைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று மேலதிகாரி விரும்புகிறார். அதே நேரத்தில், முஸ்லிம் அல்லாதவர்களையும் வாடிக்கையாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கும் தரப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவர், "வட்டி என்ற பெயரை லாபம் என்று மாற்றியிருக்கிறீர்கள், வேறென்ன வித்தியாசம், மகளே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த விளம்பரங்களை எப்படித் திருத்துவது? அந்தப் பெரியவருக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்:

வ அலைக்குமுஸ் ஸலாம், அன்புச் சகோதரிக்கு.

உங்கள் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். கவுண்டரில் உங்களுக்குப் பதில் வராமல் போனதற்குக் காரணம், அந்தப் பெரியவர் கேட்ட வித்தியாசத்தை உங்கள் வங்கியின் விளம்பரமே ஏற்கனவே அழித்துவிட்டிருந்ததுதான். மற்றத் தொழில்களில் விளம்பரம் பொருளுக்கு வெளியே நிற்கும்; சோப்பைப் பற்றி எதைச் சொன்னாலும் சோப்பு சோப்பாகவே இருக்கும். இஸ்லாமிய வங்கியிலோ நாம் விற்பது ஒப்பந்தத்தை. இரு தரப்பினரும் தாங்கள் எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்து மனமொப்புவதே அந்த ஒப்பந்தத்தின் உயிர் என்பதால், வாடிக்கையாளரின் மனத்தில் அந்த அறிவை முதலில் விதைக்கும் விளம்பர வாசகமும் ஒப்பந்தத்தோடு சேர்ந்ததாகிவிடுகிறது. இந்த இடத்திலிருந்து உங்கள் வாசகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் "வட்டியில்லாக் கடன்". முறாபஹா கடனே அல்ல. அது ஒரு விற்பனை. வாடிக்கையாளர் விரும்பும் வாகனத்தை வங்கி தன் பணத்தில் வாங்கி, தன் உடைமையாக்கி, வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, தவணைக்கு விற்கிறது. கடன் என்று சொல்லத்தக்கது கர்ழ் ஹஸன் மட்டுமே; அதில் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. இப்போது உங்கள் வாசகத்தை ஒரு சாதாரண வாசகரின் கண்ணால் படித்துப் பாருங்கள். அவர் 10 லட்சம் "கடன்" வாங்குகிறார். 11 லட்சத்து 80 ஆயிரமாகத் திருப்பிக் கொடுக்கிறார். கடனுக்கு மேல் வாங்கும் அதிகம்தான் ரிபா என்று அவருக்குச் சிறு வயதிலிருந்தே கற்பிக்கப்பட்டிருக்கிறது. விற்பனையில் கிடைத்த லாபத்தை நீங்களே கடன் என்ற சொல்லால் வட்டியாக்கிக் காட்டிவிட்டு, பிறகு அது வட்டியல்ல என்று வாதாட வேண்டிய நிலைக்கு ஆளாகிறீர்கள். அல்லாஹ் வியாபாரத்தை அனுமதித்து ரிபாவைத் தடுத்தான் என்ற அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம், வியாபாரமும் வட்டி போன்றதுதானே என்று வாதிட்டவர்களுக்குப் பதிலாக அருளப்பட்டது. அந்தப் பழைய வாதத்துக்கு நம் விளம்பரமே துணை போவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

அடுத்து "ஆண்டுக்கு 6 சதவீதம் மட்டுமே". உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது இதுதான் என்பதால், சற்று நிதானமாகக் கணக்கைப் பார்ப்போம். 10 லட்சம் மதிப்புள்ள வாகனம், மூன்று ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற சமவீத லாபம் என்று கொள்வோம். மொத்த லாபம் 1,80,000. விற்பனை விலை 11,80,000. மாதத் தவணை ஏறத்தாழ 32,778. இந்த 6 சதவீதம் முழு விலையின் மீது மூன்று ஆண்டுகளுக்கும் கணக்கிடப்பட்டது. ஆனால் வாடிக்கையாளரிடம் அந்த 10 லட்சம் மூன்று ஆண்டுகளும் நிலுவையில் இருப்பதில்லை, மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் நிலுவையின் மீது கணக்கிடும் மரபு வங்கியின் (வட்டி வாங்கும் வழக்கமான வங்கியின்) முறைக்கு இதே தவணையை மாற்றிப் பார்த்தால், விகிதம் சுமார் 11 சதவீதம் வரும். எதிரிலுள்ள வங்கி 11 சதவீதம் என்று பலகை வைத்திருக்கிறது, நாம் 6 என்று வைக்கிறோம். வாடிக்கையாளர் தமக்கு ஏறத்தாழப் பாதிச் செலவு மிச்சம் என்று நம்பி வருகிறார். இரண்டு இடத்திலும் அவர் கையிலிருந்து போவது கிட்டத்தட்ட ஒரே தொகை. இதில் பொய்யான எண் எதுவும் இல்லை, ஆனால் ஏமாற்று இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது உள்ளே கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் இந்த நிகழ்ச்சியைவிடச் சிறந்த சந்தைப்படுத்தல் பாடம் எனக்குத் தெரியாது. அந்த வியாபாரி வாய் திறந்து எந்தப் பொய்யும் சொல்லவில்லை. உலர்ந்த தானியத்தை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான். உங்கள் விளம்பரத்தில் 6 என்ற எண் அந்த உலர்ந்த தானியத்தின் இடத்தில்தான் இருக்கிறது.

இதற்கு மாற்று கடினமானதும் அன்று. முறாபஹா, ஃபிக்ஹு என்னும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் "அமானித விற்பனை" (நம்பிக்கையின் மீது நடக்கும் விற்பனை) என்ற வகையில் வருகிறது. வாங்கிய விலையையும் லாபத்தையும் வாங்குபவரிடம் சொல்வது இங்கே வெறும் நல்ல பழக்கமாக நின்றுவிடாமல் விற்பனை செல்லுபடியாவதற்கான நிபந்தனையாகவே இருக்கிறது. அப்படியிருக்க, விளம்பரத்திலும் அதையே போடுங்கள்: வாகனத்தின் விலை இவ்வளவு, எங்கள் லாபம் இவ்வளவு, நீங்கள் தரப்போகும் மொத்தம் இவ்வளவு, மாதத் தவணை இவ்வளவு, இந்தத் தொகை ஒப்பந்தக் காலம் முழுவதும் மாறாது. சதவீதம் போட்டே ஆக வேண்டுமென்றால் குறையும் நிலுவையின்படியான விகிதத்தையும் அதே அளவு எழுத்தில் பக்கத்தில் போடுங்கள். மாறும் வட்டி விகிதத்தில் சிக்கி, தவணை ஏறிக்கொண்டே போன அனுபவமுள்ள ஒருவருக்கு "கையெழுத்திட்ட பிறகு இந்த விலை ஒரு காசும் ஏறாது" என்ற வாசகம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை நம் துறையினர் பலர் உணர்வதில்லை.

முன்கூட்டியே கட்டி முடித்தால் கழிவு கிடைக்குமா, தவணை தவறினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் விளம்பரத்தில் இல்லாவிட்டாலும் கவுண்டரில் தரும் முதல் தாளிலேயே சொல்லிவிட வேண்டும். முன்னதாகக் கட்டுபவருக்கு இப்ரா என்னும் கழிவு கொடுப்பதை மலேசியாவில் மத்திய வங்கியே கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு பல இடங்களில் அது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. உங்கள் வங்கியின் நடைமுறை எதுவோ அதை மறைக்காமல் எழுதுங்கள். தவணை தவறியதற்கு வாங்கும் தொகை தர்மத்துக்குப் போகிறது என்றால் அப்படியே சொல்லுங்கள். "அபராதம் கிடையாது" என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் அதைக் கட்டுபவருக்கு அது அபராதம்தான்.

இப்போது முளாரபா கணக்கு. "உறுதியான ஹலால் வருமானம்" என்ற மூன்று சொற்களில் முதல் சொல் மூன்றாம் சொல்லின் ஹலாலைக் கெடுத்துவிடும். முளாரபாவில் பணம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. லாபத்தை முன்பே பேசிய விகிதப்படி பகிர்கிறார்கள். முளாரிபின், அதாவது உழைப்பவரின், அலட்சியமோ ஒப்பந்த மீறலோ இல்லாமல் நட்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழக்கிறார், உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். விகிதம் 60:40 என்றால், எல்லோருடைய முதலீடும் சேர்ந்த தொகுப்பு 10,000 ஈட்டும்போது முதலீட்டாளர்களுக்கு 6,000, வங்கிக்கு 4,000. தொகுப்பு ஈட்டுவது எவ்வளவு என்பதை யாரும் உறுதிகூற முடியாது. போட்ட தொகைக்கு இத்தனை சதவீதம் நிச்சயம் என்று வங்கி பொறுப்பேற்ற கணத்திலேயே அது முளாரபா என்ற பெயரை இழந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே எண் பகிர்வு விகிதம்தான். கடந்த காலாண்டுகளில் உண்மையில் பகிர்ந்தளித்த லாபத்தை, அது கடந்த காலத்தது என்ற குறிப்போடு போடலாம். வரவிருக்கும் லாபத்தைப் பற்றிய எதிர்பார்ப்பை எழுதினால், எதிர்பார்ப்பு என்ற சொல் எண்ணின் அதே அளவில் இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் நுணுக்கிய எழுத்தில் இருந்தால் அது ஈரத்தை அடியில் வைப்பதுதான்.

லாபம் குறைந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காக, நல்ல காலத்து லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து விகிதத்தைச் சமன்செய்வது பல வங்கிகளின் வழக்கம். அப்படியொரு ஒதுக்கீடு உங்கள் வங்கியிலும் இருந்தால் கணக்குத் தொடங்கும்போதே அதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒதுக்கப்படுவது வாடிக்கையாளரின் பங்கும் சேர்ந்ததுதான். மலேசியா 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டத்தின் வழியாக, முதலுக்கு உத்தரவாதமுள்ள வைப்பையும் உத்தரவாதமில்லாத முதலீட்டுக் கணக்கையும் தெளிவாகப் பிரித்துவிட்டது. அந்தச் சட்டம் உங்கள் வங்கிக்குப் பொருந்தாவிட்டாலும், இரண்டையும் ஒரே துண்டுப் பிரசுரத்தில் கலந்து எழுதக் கூடாது என்ற பாடம் எல்லோருக்கும் பொருந்தும். வதீஆ என்னும் பாதுகாப்பு வைப்புக் கணக்குக்கு வங்கி தன் விருப்பப்படி தரும் ஹிபா என்னும் அன்பளிப்பையும் முன்கூட்டியே அறிவித்து ஆசை காட்டாதீர்கள். முன்பே பேசி வைத்த அன்பளிப்பு அன்பளிப்பாக இருக்காது.

எச்சரிக்கை வாசகங்களைப் பற்றி உங்கள் மேலதிகாரியோடு நான் மாறுபடுகிறேன். ரிபாவின் பாவம் கடுமையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லும் இடம் மிம்பர், பள்ளிவாசலின் உரை மேடை. தன் பொருளை விற்றுப் பயனடையப்போகும் ஒருவர் அதைச் சொல்லும்போது கேட்பவரின் மனத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. மார்க்கத்தை முன்னிறுத்தி வாடிக்கையாளரை அழைத்துவிட்டு, அவருடைய கோப்பை மூன்று வாரம் மேசையில் கிடத்தினால், அவர் உங்கள் வங்கியைத் திட்டுவதோடு நிற்க மாட்டார்; "இஸ்லாமிய வங்கி என்றாலே இப்படித்தான்" என்பார். நம் சேவைக் குறைக்கு மார்க்கம் பழி சுமக்கும் நிலையை நாமே உண்டாக்கக் கூடாது.

ஆய்வுகளும் இந்த இடத்தில் உதவுகின்றன. ஜோர்டானில் நடந்து 1989இல் வெளிவந்த எரோல், எல்-ப்தூர் ஆகியோரின் ஆய்வு, வாடிக்கையாளர்கள் இஸ்லாமிய வங்கியைத் தேர்ந்தெடுப்பதில் மார்க்க உணர்வு முதன்மைக் காரணமாக இருக்கவில்லை என்று கண்டது. அவர்கள் இன்னொருவரோடு சேர்ந்து 1990இல் வெளியிட்ட ஆய்வில் விரைவான சேவை, வங்கியின் நற்பெயர், இரகசியம் காத்தல் ஆகியவை முன்னே நின்றன. பஹ்ரைனில் நடந்து 1998இல் வெளிவந்த மெத்தாவா, அல்மோஸ்ஸவி ஆகியோரின் ஆய்விலோ இஸ்லாமிய நெறியைப் பின்பற்றுவதே முதலிடத்திலும், கிடைக்கும் வருமானம் அடுத்த இடத்திலும் இருந்தன. இரண்டும் முரண்படுவதாக நான் பார்க்கவில்லை. நெறி இருக்கிறது என்று நம்புகிறவர் அதை நம்பியே உள்ளே வருகிறார். உள்ளே வந்தவரைத் தங்கவைப்பது சேவை. சேவையின் தரத்தை அளக்க மரபு வங்கிகள் பயன்படுத்திய ஐந்து அளவுகோல்களோடு, ஷரீஆவுக்கு இணங்குதல் என்ற ஆறாவதைச் சேர்த்து, குவைத்திலுள்ள இஸ்லாமிய வங்கியொன்றை 2001இல் ஆராய்ந்தவர்களும் அந்த இணக்கத்தையும் சேவையின் ஓர் அங்கமாகவே வைத்தார்கள். ஆனால், சேவை என்பதைப் புன்னகை என்று மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயிற்சி கொடுக்கப் போன இடமொன்றில், வாகன முறாபஹா கையெழுத்தாவதை ஒரு முழு முற்பகல் அருகிலிருந்து பார்த்தேன். அலுவலர் மிகவும் பணிவானவர். காகிதக் கட்டைத் திறந்தார். கையெழுத்திட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் ஏழு இடங்களில் கையெழுத்திட்டார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்குவதாகத் தரும் வாக்குறுதியும், வங்கியின் சார்பாக வாகனத்தைப் பெற்றுக்கொள்ளும் முகவர் ஒப்பந்தமும், இறுதி விற்பனை ஒப்பந்தமும் ஒரே மூச்சில் முடிந்தன. விற்பனைப் பத்திரத்தில் தேதி எழுதும் இடம் காலியாக இருந்தது; பின்னர் நிரப்பிக்கொள்வார்களாம். வங்கி அந்த வாகனத்தை அப்போது வாங்கியிருக்கவே இல்லை. வெளியே வந்தவரிடம் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். "லோன் போட்டேன்" என்றார். அன்று அந்த வங்கியின் வாசலில், ஒப்பந்தங்கள் மார்க்க நெறிப்படி உள்ளனவா என்று பார்க்கும் ஷரீஆ மேற்பார்வைக் குழுவின் ஒப்புதல் பெற்றது என்ற பெரிய பலகை இருந்தது. குழு ஒப்புதல் கொடுத்தது ஒரு வரிசை முறைக்கு. மேசையில் நடந்தது வேறொன்று. உன்னிடம் இல்லாததை விற்காதே என்று நபித்தோழர் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது இந்த வரிசையைத்தான் காக்கிறது.

எனவே சந்தைப்படுத்தலுக்காக ஒதுக்கப்பட்ட பணத்தில் ஒரு பங்கை இந்த மேசைக்குச் செலவிடச் சொல்லி உங்கள் மேலதிகாரியிடம் கேளுங்கள். வாக்குறுதி ஒரு நாள், வங்கி வாகனத்தை வாங்கியதற்கான ஆவணத்தைக் காட்டிய பிறகு விற்பனை இன்னொரு நாள் என்று பிரியுங்கள். இரண்டாவது சந்திப்பில் அலுவலர், "இந்த வாகனம் இப்போது வங்கியுடையது, இதை உங்களுக்கு இந்த விலைக்கு விற்கிறோம், சம்மதமா?" என்று வாய்விட்டுக் கேட்கட்டும். அந்தக் குழு தந்த ஃபத்வாவின், அதாவது மார்க்கத் தீர்ப்பின், சாரத்தை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு அந்த மேசையிலேயே வையுங்கள். அறிஞர்களின் படங்களை விளம்பரத்தில் போடுவதைவிட அவர்கள் எதற்கு, எந்த நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதைப் போடுவது அவர்களுக்கும் மரியாதை. இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம் 2009இல் வெளியிட்ட வணிக நடத்தைக்கான வழிகாட்டு நெறிகளும் நேர்மையையும் வாடிக்கையாளருக்குத் தரும் தகவலின் தெளிவையும் வலியுறுத்துகின்றன. அதிகாரிகளிடம் பேசும்போது இதைச் சுட்டிக்காட்டினால் உங்கள் வாதத்துக்கு வலு கூடும்.

உங்கள் வங்கி ரொக்கம் தேவைப்படுபவர்களுக்குத் தவர்ருக் (பொருளைத் தவணைக்கு வாங்கி, உடனே வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணம் பெறும் முறை) அடிப்படையில் ஏதேனும் வழங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வழங்கினால், அதன் விளம்பரத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. வங்கியே முன்னின்று ஏற்பாடு செய்யும் தவர்ருக் கூடாது என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹு அகாதமி 2009இல் ஷார்ஜா அமர்வில் முடிவுசெய்தது. வேறு சில மேற்பார்வைக் குழுக்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. அறிஞர்கள் கருத்து வேறுபட்ட ஒன்றை, எந்தக் கருத்து வேறுபாடும் இல்லாதது போல விளம்பரம் செய்யக் கூடாது.

முஸ்லிம் அல்லாதவர்களைப் பற்றிய இலக்கு, மேலே சொன்னவற்றைச் செய்தால் தானாகவே எளிதாகும். 1963இல் எகிப்தின் நைல் கழிமுகப் பகுதியில் மித் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, நவீன இஸ்லாமிய வங்கிகளின் முன்னோடி என்று எல்லோராலும் சொல்லப்படுகிறது; ஆனால் அது தன்னை இஸ்லாமிய வங்கி என்று அழைத்துக்கொள்ளவில்லை. அன்றைய அரசியல் சூழ்நிலை அதற்கு ஒரு காரணம். பெயர்ப்பலகையின் துணை இல்லாமலே அந்தச் சிற்றூர் மக்கள் தம் பணத்தை அதனிடம் ஒப்படைத்தார்கள் என்பது நமக்கு வேண்டிய செய்தி. துருக்கியில் இவ்வகை வங்கிகளுக்குச் சட்டப்படியான பெயரே பங்கேற்பு வங்கி என்பதுதான். லாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்பது என்ற செயல்முறையே அங்கு அடையாளம். வேற்று மதத்தவர் ஒருவருக்கு உங்கள் வங்கியில் பிடிக்கக்கூடியவை மூன்று: விலை மாறாது, அவருடைய பணம் மதுவிலும் சூதாட்டத்திலும் முதலீடாகாது, தாமதத்தை வைத்து வங்கி சம்பாதிக்காது. அவருக்காகத் தனி விளம்பரம் செய்து அரபுச் சொற்களை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. முறாபஹா என்று எழுதி, விலையும் லாபமும் சொல்லி விற்பது என்று பக்கத்திலேயே பொருள் எழுதுங்கள். முஸ்லிம் வாசகர்களில் பலருக்கும் அந்த விளக்கம் வேண்டியிருக்கிறது என்பதை மஞ்சள் ஒட்டுத்தாள் மேசையில் நான் பார்த்தேன்.

இனி அந்தப் பெரியவர். அவர் உங்களைக் குறைகூற வந்தவராக எனக்குத் தோன்றவில்லை. மகளே என்று அழைத்து, நம்புவதற்கு ஒரு காரணம் கேட்டிருக்கிறார். மீண்டும் வந்தால் அவரை உட்காரவைத்து, அவர் சொல்வதில் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். "நாங்கள் லாபத்தை நிர்ணயிக்கும்போது சந்தையிலுள்ள வட்டி விகிதத்தையும் பார்த்துத்தான் நிர்ணயிக்கிறோம், ஐயா; அதனால் தவணைத் தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத் தெரியலாம்" என்று சொல்லுங்கள். பிறகு, வங்கி வாகனத்தை வாங்கி அவருக்கு விற்பதற்கு இடைப்பட்ட நேரத்தில் அந்த வாகனம் எரிந்துபோனால் நட்டம் யாருக்கு என்று அவரையே கேளுங்கள். கடன் கொடுத்தவருக்கு அந்த நட்டம் இல்லை. வங்கி தந்த பணத்தை வாங்கியவர் எப்படியும் திருப்பிக் கட்ட வேண்டும். விற்பனையாளருக்கோ அது முழு நட்டம். அந்த இடைவெளி ஒரு நாளாக இருக்கலாம், ஒரு மணி நேரமாக இருக்கலாம். அந்த நேரத்தில் சுமை உங்கள் வங்கியின் தோளில் இருக்கிறது, அதற்குத்தான் லாபம் என்று சொல்லுங்கள். அவர் தவணை தவறினால் விலை ஏறாது, வங்கியின் வருமானமும் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

ஆனால் இதைச் சொல்வதற்கு முன்பு, உங்கள் வங்கியில் கடைசியாக முடிந்த பத்து முறாபஹா கோப்புகளைக் கேட்டு வாங்கி, வங்கி வாங்கிய தேதியும் வாடிக்கையாளருக்கு விற்ற தேதியும் நேரமும் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் அந்தப் பெரியவரிடம் ஒரு கோப்பின் மாதிரியைக் காட்டியே பேசலாம். இல்லையென்றால் விளம்பரத்தை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் ஷரீஆ மேற்பார்வைக் குழுவுக்கு எழுதுங்கள். கடிதத்தின் வாசகத்தில் உதவி வேண்டுமென்றால் எனக்கு மீண்டும் எழுதலாம்.